ஓ.எச்.எல். டிராஃப்டில் மகன் தேர்வு, அமெரிக்கக் கல்லூரியிலிருந்து போன்: பணம் கிடைக்கும் என்பது எந்த அளவுக்கு உண்மை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு. மகன் ஒன்டாரியோவில் பத்தாம் வகுப்பு முடிக்கிறான். ஐஸ் ஹாக்கியில் டிஃபன்ஸ் ஆடுகிறான். ஓ.எச்.எல். எனப்படும் ஒன்டாரியோ ஹாக்கி லீகின் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒன்பதாவது சுற்றில் ஒரு அணி அவனை எடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவிக் கோச் குளிர்காலத்திலிருந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "ஓ.எச்.எல். பக்கம் போனால் அமெரிக்கக் கல்லூரியை மறந்துவிடு" என்று முன்பு சொன்னவர்களே இப்போது இரண்டுக்கும் போகலாம் என்கிறார்கள். உங்கள் மைத்துனரோ, கல்லூரிகள் ஹாக்கிப் பையன்களுக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுக்கின்றன என்கிறார். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகைக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பணம் வந்த பிறகு கோச்கள் ஆள் எடுக்கும் விதம் எப்படி மாறியது, ஒன்பதாவது சுற்றுப் பையனுக்கு அதில் இடம் எங்கே என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2025-26 பருவத்தில் நடைமுறையில் இருக்கும் விதிகளை வைத்து எழுதுகிறேன்.

ஓ.எச்.எல். பையன்களுக்கு அமெரிக்கக் கல்லூரியின் கதவு திறந்தது உண்மை, அதில் சந்தேகம் வேண்டாம். 16 முதல் 20 வயதுக்காரர்கள் ஆடும் கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகள் மூன்றும், அதாவது ஓ.எச்.எல்., மேற்குப் பகுதியின் டபிள்யூ.எச்.எல்., க்யூபெக் லீக், சேர்ந்ததுதான் சி.எச்.எல். அங்கே ஆடுபவர்களுக்குச் சிறு உதவித்தொகை உண்டு, என்.எச்.எல். என்ற உச்சத் தொழில்முறை லீகோடு ஒப்பந்தம் போட்ட பையன்களும் அதே அணிகளில் ஆடுகிறார்கள். இந்த இரண்டையும் காட்டி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று பல்லாண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்தது. 2024 ஆகஸ்டில் இதை எதிர்த்து நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் வழக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவின் கவுன்சில் விதியை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சி.எச்.எல். ஆட்டக்காரர்கள் கல்லூரியில் ஆடலாம். நிபந்தனை ஒன்று உண்டு: ஆடுவதற்கு ஆகும் உண்மையான, அவசியமான செலவுக்கு மேல் பணம் வாங்கியிருக்கக் கூடாது. என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கல்லூரி ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஓ.எச்.எல். அணி கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் என்ன செலவுக்காக என்று எழுதிய தாளை இப்போதிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது இதையெல்லாம் கேட்பார்கள். அந்த நேரத்தில் பழைய அணியின் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தேடுவது பெரும்பாடு.

பணத்துக்கு வருவோம். கல்லூரி ஆட்டக்காரன் கைக்குப் பணம் வரும் வழிகளை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது ஸ்காலர்ஷிப்: கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம். இரண்டாவது, பல்கலைக்கழகமே தன் விளையாட்டு வருவாயிலிருந்து தரும் பங்கு. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புக்கொண்ட சமரசத்தால் வந்தது இது; ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம். ஜூலை 1 முதல் நடைமுறை. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். மூன்றாவது என்.ஐ.எல்.: ஆட்டக்காரனின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த வெளி நிறுவனங்கள் கொடுப்பது. இது 2021 ஜூலையிலிருந்து உண்டு. இப்போது 600 டாலரும் அதற்கு மேலும் போகும் வெளி ஒப்பந்தங்களை என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். அது நியாயமான வியாபார நோக்கம் கொண்டதா, தொகை சந்தை நிலவரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். இவை போக, படிப்பில் ஒழுங்காக இருப்பதற்காக ஆண்டுக்கு 5,980 டாலர் வரை சில கல்லூரிகள் தருகின்றன. 2021இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஆல்ஸ்டன் வழக்கின் விளைவு அது. எல்லாக் கல்லூரியும் தருவதில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2 கோடி என்றதும் மலைக்க வேண்டாம், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பல இந்தத் தொகையைப் பிரிக்கும்போது பின்பற்றும் வாய்ப்பாடு, ஏறத்தாழ 75 விழுக்காடு அமெரிக்கக் கால்பந்துக்கு, 15 ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 பெண்கள் கூடைப்பந்துக்கு, மீதி 5 மற்ற எல்லா விளையாட்டுக்கும் என்பது. அந்த 5 விழுக்காடு சுமார் 10 லட்சம் டாலர். ஹாக்கி, பேஸ்பால், வாலிபால், நீச்சல், தடகளம் எல்லாம் அதில்தான் பங்கு கேட்கின்றன. இதே சமரசம் இன்னொன்றும் செய்தது. முன்பு ஒரு ஹாக்கி அணிக்கு மொத்தம் 18 முழு ஸ்காலர்ஷிப்தான். கோச் அதை உடைத்து 25, 26 பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இப்போது அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக அணியில் 26 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, 26 பேருக்குமே முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கூடுதல் 8 ஸ்காலர்ஷிப்பும், ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், 6 லட்சத்து 40 ஆயிரம் டாலர் ஆகிவிடும். இப்படிப் புதிதாகச் சேர்க்கும் ஸ்காலர்ஷிப்களும் 25 லட்சம் டாலர் வரை அந்த 2 கோடி வரம்புக்குள்ளேயே எண்ணப்படும். கையில் ரொக்கமாகக் கொடுக்க ஹாக்கிக்கு என்ன மிஞ்சும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டென்வர் பல்கலைக்கழகம் போலக் கால்பந்து அணியே இல்லாமல் ஹாக்கியைத் தலையில் வைத்துக் கொண்டாடும் இடங்களில் வாய்ப்பாடு மாறும், ஆனால் அங்கே தொலைக்காட்சிப் பணமும் அந்த அளவுக்கு வராது.

உங்கள் மைத்துனர் சொல்லும் லட்சம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. டபிள்யூ.எச்.எல்.லின் மெடிசின் ஹேட் அணியில் 2024-25 பருவத்தில் 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா 2025 ஜூலையில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக அறிவித்தார். சுமார் 7 லட்சம் டாலர் என்று செய்திகள் சொல்லின. பல்கலைக்கழகம் அந்த எண்ணை உறுதி செய்யவில்லை. பென் ஸ்டேட் முதல் பிரிவு ஹாக்கிக்கு வந்ததே 2012இல்தான். டெர்ரி பெகுலா என்ற செல்வந்தர் 10 கோடிக்கு மேல் கொடுத்து அரங்கமே கட்டித் தந்த இடம் அது. என்.எச்.எல். டிராஃப்டில் முதல் இடத்துக்குப் பேசப்பட்ட ஒருவர், பெயர் வாங்கத் துடிக்கும் ஒரு கல்லூரி: இரண்டும் சேரும்போது வரும் விலையை வைத்து மற்றவர்களுக்குக் கணக்குப் போட முடியாது. என்.எச்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் போனவர்களுக்கும் போகப் போகிறவர்களுக்கும் கணிசமான பணம் கிடைக்கிறது என்பதை நம்பலாம். அணியின் மூன்றாவது ஜோடி டிஃபன்ஸ்மேனுக்கு, அதாவது டிஃபன்ஸில் கடைசி வரிசையில் இறங்குபவனுக்கு, எவ்வளவு என்று யாராவது திட்டமாக ஒரு எண் சொன்னால், கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தொகைகள் பொதுவில் வெளியிடப்படுவதில்லை. சந்தையில் சுற்றும் எண்களில் பாதி ஏஜென்ட்கள் விலையேற்ற விட்டவை என்பது என் கணிப்பு.

உங்கள் மகனைத் தொடும் மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு கோச்கள் 15, 16 வயதுப் பையனிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கி, அமெரிக்க ஜூனியர் லீகான யு.எஸ்.எச்.எல். அல்லது சி.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான கனடிய ஜூனியர் ஏ லீகில் இரண்டு மூன்று வருடம் பழுக்க விட்டு, 18 முதல் 20 வயதுக்குள் கொண்டுவருவார்கள். இப்போது வசந்தத்தில் பருவம் முடிந்ததும் கோச் முதலில் பார்ப்பது, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலை. 2024 வசந்தத்திலிருந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம். 22 வயது, கல்லூரியில் ஏற்கெனவே 70 ஆட்டம் ஆடியவன், என்ன செய்வான் என்று தெரிந்தவன் அங்கே கிடைக்கிறான். அடுத்து பார்ப்பது சி.எச்.எல்.லில் 19, 20 வயதில் இருப்பவர்களை. ஒரு சி.எச்.எல். அணி மூன்று இருபது வயதுக்காரர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் வெளியே போக வேண்டும். முன்பு அவர்களுக்குக் கனடியப் பல்கலைக்கழகமோ சின்னத் தொழில்முறை லீகோதான் வழி; இப்போது ஒவ்வொரு கோடையிலும் அவர்களில் நன்றாக ஆடுபவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். இந்த இரண்டு வரிசைக்கும் பிறகுதான் பதினாறு வயதுக்காரன். பணம் கொடுத்து எடுக்கும் கோச் இந்த வருடமே பலன் தரக்கூடியவனுக்குத்தான் கொடுப்பார். போதாக்குறைக்கு 26 என்ற உச்சவரம்பு. முன்பு சில அணிகள் 28, 29 பேரை வைத்திருந்தன. வளரட்டும் என்று விட்ட அந்தக் கடைசி இடங்கள் போய்விட்டன.

இதைக் கையில் எடுத்து எண்ணிப் பார்க்கலாம். 26 பேரில் கோல் காப்பவர்கள் 3, டிஃபன்ஸ் 8 அல்லது 9, மீதி ஃபார்வர்ட். டிஃபன்ஸில் ஒரு ஆட்டத்தில் வழக்கமாக இறங்குவது 6 பேர். உங்கள் மகன் 2028இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பான். கோச் மனத்தில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் 2029, சில சமயம் 2030. அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் இன்றைய அணியை எடுத்து, டிஃபன்ஸ் ஆட்டக்காரர்களில் யார் எந்த ஆண்டு முடிக்கிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு அந்தக் கல்லூரிக்கு வருவதாக அறிவித்தவர்களின் பட்டியலில் டிஃபன்ஸ்காரர்களைப் பிறந்த ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். இந்தப் பட்டியல்கள் ஹாக்கித் தளங்களில் பொதுவில் கிடைக்கும். ஒரு கோடையில் இருவர் முடிக்கிறார்கள், ஒருவர் என்.எச்.எல்.லுக்குப் போகலாம் என்றால் இடம் 3. அதற்கு ஏற்கெனவே நால்வர் சம்மதம் சொல்லியிருந்தால், போர்ட்டலிலிருந்து யாரும் வராவிட்டால்கூட ஒருவனுக்கு "இன்னும் ஒரு வருடம் ஜூனியரில் ஆடிவிட்டு வா" என்று போன் வரும். அந்த ஒரு வருடம் சில பையன்களுக்கு இரண்டாகிறது. 21ஆவது பிறந்தநாளைத் தாண்டி ஜூனியரில் ஆடினால் கல்லூரியில் ஒரு பருவம் குறையும் என்பது இதுவரை இருந்துவரும் கணக்கு. ஆடும் ஆண்டுகளைப் பற்றிய விதிகள் இப்போது என்.சி.ஏ.ஏ.வில் விவாதத்தில் இருப்பதால், இதை மட்டும் 2028 வாக்கில் மறுபடி சரிபாருங்கள்.

அந்த உதவிக் கோச் விஷயம். பத்தாம் வகுப்பு ஜனவரி 1இலிருந்து அவர்கள் பையனோடு பேசலாம், அதனால் அவர் போன் செய்வது விதிக்கு உட்பட்டதே. ஆனால் இடம் தருகிறோம் என்று சொல்வதற்கும், கல்லூரிக்கு அழைத்துக் காட்டுவதற்கும் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன் தொகை எதுவும் காதில் விழுந்திருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சொல்லும் வாக்கும் வாய்மொழிதான். அது அவரையும் கட்டாது, உங்களையும் கட்டாது. முன்பு பன்னிரண்டாம் வகுப்பில் தேசியச் சம்மதக் கடிதம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று கட்டுப்படுத்தும் தாள் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் ஒன்றுதான். வருவாய்ப் பங்கு இருந்தால் அதற்குத் தனி ஒப்பந்தம். இடையில் கோச் வேலை மாறிப் போனால் வாக்கும் அவரோடு போய்விடும், புதியவர் தன் பட்டியலோடு வருவார். நன்றாக ஆடும் பையன்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கனடியக் குடும்பங்கள் கடைசியில் கண்டுபிடிக்கும் சிக்கல் விசா. உங்கள் மகனுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லையென்றால் எஃப்-1 மாணவர் விசாவில் போவான். அதில் ஸ்காலர்ஷிப் வாங்கத் தடை இல்லை. வெளியே போய் வேலை செய்யத் தடை உண்டு. அமெரிக்க மண்ணில் நின்று கார் விற்பனைக் கடைக்கு விளம்பரம் நடிப்பது, பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எல்லாம் வேலைதான் என்று பல்கலைக்கழகங்களின் சர்வதேச மாணவர் அலுவலகங்கள் எச்சரிக்கின்றன. கோடையில் கனடாவுக்கு வந்து, கனடாவிலேயே செய்து முடிக்கும் விளம்பர வேலை பாதுகாப்பானது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஜெர்சி விற்பனையில் வரும் ராயல்டி, பல்கலைக்கழகமே தரும் வருவாய்ப் பங்கு ஆகியவற்றில் தெளிவான அரசாங்க வழிகாட்டல் இல்லை. ஒரு கல்லூரி தருகிறது, பக்கத்துக் கல்லூரியின் வழக்கறிஞர் கூடாது என்கிறார். விசா போனால் ஆட்டம், படிப்பு இரண்டும் போகும். இந்த ஒரு விஷயத்துக்கு ஹாக்கி ஆட்களின் பேச்சை நம்பாமல் குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள். என் பதிலையும் அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். வரியும் உண்டு. முழு ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணம், புத்தகத்துக்கான பகுதிக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆன பகுதிக்கு எஃப்-1 மாணவரிடம் 14 விழுக்காடு பிடிப்பார்கள். அது 18,000 டாலர் என்றால் 2,520 டாலர். 'எல்லாம் இலவசம்' என்று நினைத்திருந்த வீட்டுக்கு இந்தப் பில் வரும்.

படிப்பில் சறுக்கினால் மேலே சொன்ன எதுவும் இல்லை. முதல் பிரிவுக்கு என்.சி.ஏ.ஏ. ஏற்கும் 16 பாடங்கள், அவற்றில் 2.3 சராசரி வேண்டும். இந்த 16இல் 10 பாடம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலிலிருந்து. அந்த ஏழின் மதிப்பெண் அதோடு பூட்டப்படும், பிறகு திரும்ப எழுதி உயர்த்த முடியாது. உங்கள் மகனுக்கு மீதி இருப்பது பதினொன்றாம் வகுப்பு மட்டுமே. ஓ.எச்.எல். அணியில் சேர்ந்தால் வேறு ஊரில் பில்லெட் குடும்பத்தோடு, அதாவது ஆட்டக்காரர்களுக்கு வீட்டில் இடம் தரும் உள்ளூர்க் குடும்பத்தோடு, தங்கி, புதுப் பள்ளியில், 68 ஆட்டப் பருவத்துக்கு நடுவே படிப்பான். பஸ் பயணம் அதிகம் என்று கணக்கையும் வேதியியலையும் தள்ளிவைத்து இலகுவான அட்டவணை போடச் சொல்வார்கள். அங்கேதான் 10 என்ற எண் 8ஆக நிற்கும். ஹாக்கி அகாடமிகள் தரும் உடற்கல்வி, கோ-ஆப் (வேலைப் பயிற்சி) கிரெடிட்கள் அந்தப் பதினாறில் சேராது. பள்ளியின் பெயரைப் போட்டு, அங்கே எந்தப் பாடங்கள் ஏற்கப்பட்டவை என்று என்.சி.ஏ.ஏ. தகுதி மையத் தளத்திலேயே பார்க்கலாம். ஆலோசகர் சொன்னார் என்று விட்டுவிட வேண்டாம்.

ஒன்பதாவது சுற்றில் எடுத்த அணி இந்த வருடமே இடம் தரும் என்பது நிச்சயமில்லை. பெரும்பாலும் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் பார்த்துவிட்டு ஒரு வருடம் ஜூனியர் ஏ ஆடச் சொல்வார்கள். அதில் இழப்பு இல்லை. மூன்றாவது ஜோடியில் ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் பனியில் இருப்பதைவிட, கீழ் லீகில் இருபது நிமிடம் ஆடுவது இந்த வயதில் மேல் என்பது என் கருத்து. இதற்கு எதிராகப் பேசுபவர்களும் உண்டு. ஒப்பந்தம் வந்தால் கல்வித் தொகுப்பைக் கவனியுங்கள். ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஆண்டுப் பல்கலைக்கழகச் செலவு என்பது பொதுவான வடிவம். எந்தச் செலவுகள் அடங்கும், ஜூனியர் முடிந்து எத்தனை மாதத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், அமெரிக்கக் கல்லூரிக்குப் போனால் அது என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கா சரிப்படாவிட்டால் கனடியப் பல்கலைக்கழக ஹாக்கிக்கு இந்தத் தொகுப்புதான் கைகொடுக்கும்.

நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வழியும் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கார்னெல், பிரவுன், டார்ட்மத் ஆறும் முதல் பிரிவில் ஹாக்கி ஆடுகின்றன. இவை அடங்கிய ஐவி லீக் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் தருவதில்லை, ஹவுஸ் சமரசத்திலும் சேரவில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறது. ஹார்வர்டில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 2 லட்சம் அமெரிக்க டாலர் வரையுள்ள குடும்பத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, 1 லட்சம் வரை என்றால் விடுதி, சாப்பாடும் இலவசம். வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். மதிப்பெண் 90க்கு மேல் நிற்கும் பையன் என்றால், ரொக்கம் தேடி அலைவதைவிட இந்த ஆறு கோச்களுக்கும் ஆட்ட வீடியோவும் மதிப்பெண் தாளும் அனுப்புவது லாபம். வருவாய்ப் பங்கு போட்டியில் இறங்க முடியாத இந்தக் கல்லூரிகள் இன்னும் பள்ளி முடித்து வரும் பையன்களை நம்பித்தான் அணி கட்டுகின்றன.

ஆகஸ்ட் 1க்குப் பிறகு அந்த உதவிக் கோச் இடம் தருவதாகச் சொன்னால், போனிலேயே தலையாட்டிவிடாதீர்கள். எந்த ஆண்டு வரச் சொல்கிறீர்கள், அந்த ஆண்டு டிஃபன்ஸில் எத்தனை பேர், ஸ்காலர்ஷிப் எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுக்கு, அடிபட்டு ஆட முடியாமல் போனால் தொடருமா, வரச்சொன்ன ஆண்டைத் தள்ளிப்போட்டால் அதற்கு முன் எத்தனை மாதம் அவகாசம் தருவீர்கள் என்று கேளுங்கள். அன்று மாலையே, "இன்று பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டது இது" என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சட்டப்படி அது யாரையும் கட்டாது. ஆனால் பதில் எழுதும் கோச் எப்படிப்பட்டவர், எழுதாதவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். ரொக்கம் பற்றிப் பேச்சு வந்தால் அந்த ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: கல்லூரி மாறினால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டுமா, அவன் பெயரையும் முகத்தையும் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று பூட்டியிருக்கிறார்களா, எஃப்-1 மாணவருக்கு எந்த வழியில் கொடுக்கப் போகிறார்கள். மூன்றாவதற்குக் கோச்சின் பதில் போதாது. விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகம், சர்வதேச மாணவர் அலுவலகம் இரண்டிலிருந்தும் எழுத்தில் வர வேண்டும். குடும்ப ஆலோசகர் என்று யாராவது வந்து, "இதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், அவர் பார்த்துக்கொண்ட இன்னொரு கனடியப் பையனின் பெற்றோரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.